உடைந்த கண்ணாடி

எனக்கு ஒன்பது வயது இருக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாத்தா வீடு. கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி உயரமாக ஒரு பழைய செங்கல் சுவர். அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். 'ரொம்ப நாளா இருக்கு, ஒண்ணும் ஆகாது' என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். விரிசல்களைப் பற்றி நாம் எப்போதும் சொல்வது இதைத்தான்.

ஒரு நாள் கொத்தனார் ஒருவரைத் தாத்தா கூட்டி வந்தார். அவர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது உசுரோட இருக்கா, செத்துப்போச்சான்னு முதல்ல பார்த்துடுவோம்" என்றார். எனக்கு ஆச்சரியம். விரிசலுக்கு உயிரா?

ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்துப் பூசினார். "சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும். உடைஞ்சா உடனே சொல்லி அனுப்புங்க. அன்னிக்கே முட்டுக் கொடுத்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அந்தச் சுவரில் ரப்பர் பந்தை அடித்து விளையாடிக் கொண்டிருந்தேன். இருட்டியதும் உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கண்ணாடியின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு. உடைந்திருந்தது.

என் பந்துதான் உடைத்துவிட்டது என்று நினைத்தேன். தாத்தாவின் கோபம் எனக்குத் தெரியும். பக்கத்தில் கிடந்த ஒரு சாக்கை எடுத்து ஆணியில் மாட்டி, கண்ணாடியை மறைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அடைமழை. நடுராத்திரியில் பெரிய சத்தம். சுவர் கொட்டகைப் பக்கமாக விழுந்திருந்தது. நல்லவேளை, மனிதர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. கொட்டகையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மட்டும் செத்துப்போனது.

கொத்தனார் வந்து பார்த்தார். "கண்ணாடி உடையவே இல்லீங்களா?" என்று கேட்டார். தாத்தா, "உடைஞ்சா சொல்லியிருக்க மாட்டோமாப்பா?" என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கண்ணாடியை உடைத்தது என் பந்தா, சுவரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரைக்கு அந்தச் சந்தேகம் முக்கியம். கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

*

அந்தக் கொத்தனாரின் கண்ணாடி இப்போது ரொம்பவே வளர்ந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டு வருகிற ஆப்டிகல் ஃபைபர் இருக்கிறதே, அதுவும் கண்ணாடிதான். தலைமுடி மொத்தத்தில் இருக்கிற கண்ணாடி இழை. ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால், வழியில் ரொம்பச் சேதாரம் இல்லாமல் பல கிலோமீட்டர் தாண்டி மறுமுனைக்குப் போய்ச் சேரும். தகவல் தொடர்புக்கு இதைப் பயன்படுத்த முடியும் என்று 1966-ல் எடுத்துச் சொன்ன சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தகவல் அனுப்புகிற இந்த இழை தானே தகவலாகவும் ஆக முடியும் என்பதுதான் அடுத்த ஆச்சரியம். எப்படி?

இழைக்குள்ளே ஓரிடத்தில் புற ஊதா ஒளியால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளைப் பதிக்கிறார்கள். ஒளி வரும்போது அந்த வரிகள் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை விட்டுவிடும். (நிறம் என்பது நம் வசதிக்குச் சொல்வது. பெரும்பாலும் இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.) இந்த இழையைப் பாலத்தின் கான்கிரீட்டிலோ இரும்பிலோ பதித்துவிட்டால் பாலம் நீளும்போது இழையும் நீளும். வரிகளின் இடைவெளி கூடும், திரும்பி வருகிற நிறம் மாறும். ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால்கூடச் சொல்லிவிடும். கொத்தனாரின் கண்ணாடி உடைந்தால்தான் பேசும். இது உடையாமலே பேசும்.

இன்னொரு வகையும் உண்டு. அதில் வரிகள்கூட வேண்டாம். ஒளி கண்ணாடிக்குள் போகும்போது ஒரு துளி சிதறித் திரும்பி வரும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், ஒளி அப்படிச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறிவிடுகிறது என்பதை 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் கண்டறிந்தார். 1930-ல் நோபல் வாங்கித் தந்த அதே ராமன் விளைவு. அந்த நிறம் மாறிய ஒளியில் ஒரு பகுதி, வெப்பம் கூடினால் பலமாகும். அதை அளந்தால் இழை நெடுகிலும் எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். சுரங்கப்பாதையில் தீ, மின்சாரக் கேபிளில் சூடு, எண்ணெய்க் குழாயில் கசிவு என்று எல்லாவற்றுக்கும் உதவுகிறது. மண் அணைக்குள் எங்கோ தண்ணீர் கசிந்தால் அந்த இடத்தின் வெப்பம் மட்டும் சற்று மாறும். இழை அதையும் பிடித்துவிடும். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்த மனிதரின் கண்டுபிடிப்பு, இன்று அணைக்கு நாடி பார்க்கிறது!

"சரி சார், இவ்வளவு கெட்டிக்காரக் கண்ணாடி வந்துவிட்டதே, இனிமேல் பாலம் எதுவும் விழாதே?" என்று கேட்பீர்கள்.

அங்கேதான் நம் பிரச்னை ஆரம்பிக்கிறது.

*

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம். மிசிசிப்பி ஆற்றின் மேல் ஐ-35 டபிள்யூ என்ற நெடுஞ்சாலைப் பாலம். தினமும் சுமார் 1,40,000 வண்டிகள் போகும். 2007 ஆகஸ்ட் 1, சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, ஆபீஸ் விட்டு எல்லோரும் வீடு திரும்புகிற நேரத்தில் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். 145 பேருக்குக் காயம்.

யாரும் பார்க்காமல் விட்ட பாலம் இல்லை அது. 1993-லிருந்து வருடா வருடம் சோதித்திருக்கிறார்கள். 'குறைபாடுள்ளது' என்ற முத்திரையும் 1990-களின் தொடக்கத்திலேயே குத்தியாகிவிட்டது. விசாரணையில் வெளிவந்த காரணம் வேறு. இரும்புச் சட்டங்களை இணைக்கிற தகடுகளில் சில, இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன. 1960-களில் கணக்குப் போட்டவர்கள் செய்த தவறு. அன்றைக்குப் பாலத்தின் மேல் பழுதுபார்ப்பு வேலைக்காகக் கொட்டி வைத்த மணலும் ஜல்லியும் அந்தத் தகடுகளுக்குக் கடைசி பாரமாகிவிட்டன.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. பாலம் விழுவதற்கு நான்கு வருடம் முன்பு, 2003-ல் எடுத்த புகைப்படங்களில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. படம் ஃபைலில் இருந்தது. வளைவு படத்தில் இருந்தது. அதைப் பார்த்து, 'இது ஆபத்து, போக்குவரத்தை நிறுத்துங்கள்' என்று சொல்ல ஆள்தான் இல்லை.

ஒரு வருடம் கழித்து, 2008 செப்டம்பரில் அதே இடத்தில் புதிய பாலம் திறந்தார்கள். இந்த முறை உள்ளே முந்நூறுக்கும் மேற்பட்ட சென்சார்கள் வைத்தார்கள். கண்ணாடி இழைகளும் அதில் உண்டு. ரொம்ப நல்ல காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பழைய பாலத்துக்குக் குறைந்தது கண்ணா? அது 2003-லேயே பேசிவிட்டதே!

மகாபாரதத்தில் திருதராஷ்டிரனைப் பாருங்கள். கண் இல்லாதவன் என்று நாம் பரிதாபப்படுகிறோம். உண்மையில் அந்தக் காலத்தில் அவனைப்போல் தகவல் வசதி உள்ள ராஜா கிடையாது. குருக்ஷேத்திரத்தில் நடப்பதை அரண்மனையில் உட்கார்ந்தபடி கேட்க ஒரு சஞ்சயன். அதற்கு முன்பே, 'இது வேண்டாம், குலம் அழியும்' என்று படித்துப் படித்துச் சொல்ல ஒரு விதுரன். எல்லாம் கேட்டான். எல்லாம் தெரிந்தது. எதையும் நிறுத்தவில்லை. அவன் குறை கண்ணில் இல்லை.

இத்தாலியில் ஜெனோவா நகரத்து மொராண்டி பாலத்துக்கும் விதுரர்கள் இருந்தார்கள். கடல் காற்றும் தொழிற்சாலைப் புகையும் கான்கிரீட்டை அரிக்கின்றன என்று அதை வடிவமைத்த மொராண்டியே 1979-ல் எழுதினார். தாங்கு கம்பிகளின் நடத்தை சரியில்லை, நிரந்தரமாகக் கண்காணியுங்கள் என்று மிலான் பல்கலைக்கழகத்து நிபுணர்கள் 2017-ல் அறிக்கை கொடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் 14 அன்று பாலம் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் உண்டு. குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் 2022 அக்டோபர் 30-ல் அறுந்து 135 பேர் இறந்தார்கள். ஒரு முக்கிய வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருப்பிடித்துப் போயிருந்தன என்றது புலனாய்வுக் குழு. துருவைப் பார்க்க லேசர் வேண்டுமா? ஒரு டார்ச் லைட் போதாதா?

*

எனவே கேள்வி இதுதான். ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் வசதி நமக்கு வந்துவிட்டால், நம் பொறுப்பு குறைகிறதா, கூடுகிறதா?

குறைகிறது என்றுதான் நம் மனது நினைக்கும். 'சென்சார் வெச்சாச்சு சார், இனி அது பார்த்துக்கும்.' ஏதோ வாட்ச்மேன் போட்டுவிட்டுத் தூங்கப் போவதுபோல. ஆனால் நான் சொல்கிறேன், கூடுகிறது. பல மடங்கு கூடுகிறது. ஏனென்றால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்கிற உரிமையை அந்தக் கண்ணாடி நம்மிடமிருந்து பிடுங்கிக் கொள்கிறது. தெரியாமல் நடந்தால் விபத்து. தெரிந்தபின் நடந்தால் அதற்கு வேறு பெயர்.

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. ஒரு இன்ஜினீயர் இப்படிச் சொல்வார்: "நீங்க ஈஸியா சொல்லிடறீங்க. சென்சார் எப்பவும் தெளிவாப் பேசாது. வெயில் அடிச்சாலும் இழை நீளும், பாரம் ஏறினாலும் நீளும். எதனால நீண்டதுன்னு பிரிக்கணும். ஒவ்வொரு தடவையும் பாலத்தை மூடினா ஊர் நாறிடும்."

உண்மைதான். வெப்பமும் பாரமும் இரண்டுமே அந்த நிறத்தை மாற்றும். அதனால்தான் பக்கத்திலேயே பாரம் ஏறாத இன்னொரு இழையையும் வைத்து, அது சொல்கிற வெயில் கணக்கைக் கழித்துவிடுகிறார்கள். அப்படியும் சந்தேகம் முழுசாகத் தீராது. அடிக்கடி பொய்யாக மணி அடித்தால் 'புலி வருது' கதைதான். நாலாவது தடவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே, எந்த அளவைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்று ஒரு எண்ணை யாராவது தீர்மானித்தாக வேண்டும்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். பார்க்க கணக்கு மாதிரி இருக்கும். கணக்கு மட்டும் இல்லை. எண்ணைக் குறைத்து வைத்தால் அடிக்கடி பாலம் மூடும். ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு போகும், தினக்கூலிக்காரர் வேலையை இழப்பார், லாரிச் சரக்கு அழுகும். கூட்டி வைத்தால் ஒரு நாள் பாலம் விழும். எந்தத் தவறை நாம் தாங்கிக் கொள்ளப் போகிறோம் என்பதுதான் அந்த எண். ஒளிக்கு அது தெரியாது. கண்ணாடிக்கும் தெரியாது. அதை எழுதுவது ஒரு மனிதர், ஒரு மேஜையில் உட்கார்ந்து. அவர் அந்தப் பாலத்தில் போகிறவரா, அல்லது அதை மூடினால் நஷ்டப்படுகிறவரா என்பது முக்கியமான கேள்வி.

இது நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. நம் பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1914-ல் திறந்தது. உப்புக்காற்றில் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. கடைசிக் காலத்தில் அதிலும் சென்சார்கள் வைத்துக் கண்காணித்து வந்தார்கள். 2022 டிசம்பரில், கப்பலுக்காகத் திறந்து மூடுகிற நடுப்பகுதியிலிருந்து எச்சரிக்கை வந்தது. ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

எவ்வளவு பெரிய தொல்லை அது! ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லோரும் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்தார்கள். வயதானவர்கள் திட்டினார்கள், வியாபாரிகள் புலம்பினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும்வரை இரண்டு வருடத்துக்கும் மேலாக இந்த அவஸ்தை. நிறுத்தாமல் விட்டிருந்தால் பாலம் விழுந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயம். சரியான நேரத்தில் நிறுத்தியவருக்குச் சாட்சி கிடையாது. நடக்காத விபத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். அவருக்கு மிஞ்சுவது பயணிகளின் திட்டு மட்டுமே. அந்தத் திட்டை வாங்கிக் கொள்ளத் தயாராக ஒருவர் இருந்தால்தான் அந்தச் சென்சாருக்கு அர்த்தம்.

*

இனி என் சாக்குக்கு வருகிறேன்.

நான் ஏன் கண்ணாடியை மறைத்தேன்? கன்றுக்குட்டி சாகட்டும் என்றா? இல்லை. உடைந்த கண்ணாடியைச் சொல்லப் போனால், உடைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று தெரியும். சுவரைப் பற்றிய கேள்வி அப்புறம்தான் வரும். ஒன்பது வயசுக்கு அந்தப் புத்திசாலித்தனம் போதுமானதாக இருந்தது.

ஆபீஸ்களிலும் இதேதான் நடக்கிறது. கெட்ட செய்தி கொண்டு வருகிறவனைப் பார்த்து, 'நீ எதுக்குய்யா அங்கே போனே?' என்று கேட்கிற மேலதிகாரி இருக்கும்வரை, எத்தனை கிலோமீட்டர் கண்ணாடி இழை பதித்தாலும் ஒவ்வொரு இழைக்குப் பக்கத்திலும் ஒரு சாக்கு தொங்கிக் கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் 'ஆபத்து' என்ற சொல் 'கவனிக்கத்தக்கது' ஆகும். கவனிக்கத்தக்கது 'அடுத்த ஆய்வில் பார்க்கலாம்' ஆகும். ஒவ்வொரு மேஜையிலும் சொல் கொஞ்சம் மெலியும். கடைசி மேஜைக்குப் போகும்போது எல்லாம் நலம்!

சின்னப் பையன் நான், சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்துக் கொண்டேன். 'பந்துதானே உடைச்சுது, சுவர் இல்லையே.' அந்தச் சந்தேகத்தை நான் தாத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கொத்தனார் வந்து, இன்னொரு கண்ணாடியைப் பதித்து, ஒரு முட்டும் கொடுத்திருப்பார். பந்துதான் காரணம் என்றால் ஒரு கண்ணாடியும் நாலு சவுக்குக் கழியும் தண்டம். எனக்கு இரண்டு அடி. அவ்வளவுதான் செலவு. மறுபக்கத்தில் இருந்தது ஒரு உயிர். உறுதியாகத் தெரிந்தால்தான் சொல்வேன் என்பது பல சமயம் நேர்மை மாதிரி தெரியும். உண்மையில் அது பயம்.

தாத்தா போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பாலமும் அணையும் நம் கையில் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கிற ஃபிளாட்டில் பார்க்கிங்குக்கு மேலே, கான்கிரீட் பெயர்ந்து துருக்கம்பி எட்டிப் பார்க்கிற ஒரு இடம் அநேகமாக இருக்கும். தினமும் அதன் கீழேதான் ஸ்கூட்டரை நிறுத்துகிறீர்கள். போன பொங்கலுக்கு அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் அதைப் பற்றி எழுந்து பேசினால், "சார், உங்களுக்கு மட்டும்தான் கண்ணுல படுது" என்று யாராவது சொல்வார். மெயின்டனன்ஸ் பணம் ஏறும் என்று நாலு பேர் முறைப்பார்கள்.

அவர்கள் முறைக்கட்டும். நீங்கள் பேசிவிடுங்கள்.